விஸ்வகர்மா பூஜையன்று நான் நிறுத்தாத எஞ்சின்

போன மாதம் கல்கத்தாவின் சால்ட் லேக் பக்கத்திலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளை போனில் ஏதோ படித்தார். எங்கேயோ வெளிநாட்டில் தரைக்கு அடியில் இருக்கும் ரயில் ஸ்டேஷனில் டீசல் எஞ்சின்களை ஓடவிட்டபடியே நிறுத்தி வைக்கிறார்களாம். புகையில் மூச்சு முட்டுகிறது என்று பிரயாணிகள் புகார் செய்திருக்கிறார்களாம்.

"இதுல என்ன மாமா கஷ்டம்? வண்டி நின்னா ஆஃப் பண்ணிட வேண்டியதுதானே?" என்றார்.

கையிலிருந்த டம்ளர் தளும்பி வேஷ்டியில் காபி சிந்திவிட்டது. சமையலறையிலிருந்து என் மனைவி சிவகாமி, "அந்தப் பேச்ச மட்டும் எடுக்காதீங்க மாப்பிள்ள, அவருக்கு ஆகாது" என்றாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளிடம் நான் சொன்னதே இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். இதையே எழுதிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து பத்தொன்பது வயதில் சித்தப்பாவோடு கல்கத்தா வந்தேன். ஹவுராவில் கரி எஞ்சினைத் துடைத்தேன், பிறகு கரி அள்ளிப் போட்டேன், பிறகு டீசலில் உதவியாள், கடைசியில் சாந்த்ராகாச்சி யார்டில் பெட்டிகளை இழுத்துக் கோக்கும் ஷண்டிங் டிரைவர். பதினாறு வருஷம் இந்த ஒரு வரியில் போய்விட்டது. அதில் எழுத ஒன்றும் இல்லை. முருகன் படியளந்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யார்டில் நாங்கள் டீசல் எஞ்சினை நிறுத்தமாட்டோம். காலையில் ஸ்டார்ட் செய்தால் டூட்டி மாறும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆள் ஓடுகிற எஞ்சினில்தான் ஏறுவான். டீ குடிக்கப் போனாலும் ஓடும், சாப்பிடப் போனாலும் ஓடும். காரணம் பேட்டரி. பழைய பேட்டரியில் ஒரு தடவை நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்று சொல்ல முடியாது. கிளம்பாவிட்டால் ரெஜிஸ்டரில் 'ஃபெய்லியர்' என்று டிரைவர் பெயரில் ஏறும். அதைவிடக் கேவலம் எங்களுக்கு வேறு கிடையாது. சுவாமி அறையில் தூண்டாமணி விளக்கு அணையாமல் எரிகிற மாதிரி என் எஞ்சின் ஓடுகிறது என்று நானே பெருமையாகச் சொல்வேன். திறந்த வெளிதானே. புகை காற்றோடு போய்விடும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் பாதாள ரயில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே தண்டவாளம் போடும் வேலைக்கு ஜல்லியும் கட்டையும் கொண்டுபோக ஒரு சின்ன டீசல் எஞ்சின் இறக்கியிருந்தார்கள். நாலு சக்கரம்தான். அதை ஓட்ட யார்டிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி ஃபோர்மன் ஹால்தார் பாபு. ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சுமை தூக்கும் கலாசியைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். முக்கியமான கேள்வி கேட்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

எஞ்சினைக் கிளப்புவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் கைப்பிரேக். அப்புறம் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். தண்ணீர் பார்க்க வேண்டும். கடைசியில் பேட்டரிப் பெட்டி மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்வார். "என்ன சொல்லுது?" என்பார். "ஜுரம் இல்ல சார்" என்றால்தான் சாவியைத் தொட விடுவார். நிறுத்தும்போதும் அப்படித்தான். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்துகிற கைப்பிடியை முழுக்க இழுத்து, சத்தம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பேட்டரி படுத்துவிட்டது. புதுசுக்கு எழுதிப் போட்டு வரவில்லை. "வரும்வரைக்கும் நிறுத்தாதீர்கள் ஷண்முகம்" என்று ஹால்தார் பாபுவே சொன்னார். நானும் யார்டுப் பழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். உள்ளே காற்றுக்கு ஒரு பெரிய ஊதுகாற்று மெஷின் மேலே தெருவில் நின்றது. யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு துணிக்குழாய் அதிலிருந்து ஸ்டேஷனுக்குள் இறங்கி இரைந்துகொண்டே இருக்கும். ஆகவே புகை ஒன்றும் தெரியவில்லை.

எனக்குக் கொடிகாட்டி நிமாய்-தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வங்காளிகள் அண்ணனை தாதா என்பார்கள். பெயரோடு சேர்ந்தால் 'தா' ஆகிவிடும். எஞ்சின் பின்னோக்கிப் போகும்போது அதற்கு வழிகாட்டி நடந்து கொடி காட்டுவது அவர் வேலை. வாய் ஓயாது.

"ஏ மெட்ராஸி, நெத்தியில் மூணு கோடு போட்டிருக்கியே, அதுல எந்தக் கோட்டில் டிராஃபிக் போகுது?" என்பார்.

"நடுக்கோட்டில் தாதா. ரெண்டு பக்கமும் உங்கள மாதிரி ஆளுங்க நிக்கறாங்க" என்பேன்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் ஆயுத பூஜை மாதிரிதான். ஆனால் வங்காளத்தில் அது ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிடும். வொர்க்‌ஷாப், ரிக்‌ஷா ஸ்டாண்ட், அச்சகம், எங்கெல்லாம் மெஷின் உண்டோ அங்கெல்லாம் பூஜை. மெஷின் எல்லாம் அன்றைக்கு ஓய்வு. மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். பையன்களும் பெரியவர்களும் மொட்டை மாடியில் பட்டம் விடுவார்கள்.

எங்கள் ஆட்கள் கீழே ஸ்டேஷனுக்குள்ளேயே பூஜை வைத்தார்கள். பிளாட்பாரத்து நடுவில் மேடை, விஸ்வகர்மாவின் களிமண் சிலை. அன்று காலையில் மட்டும் இரண்டு வண்டி ஜல்லி இறக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பிளாட்பாரத்து ஓரம் நின்றேன். எஞ்சினுக்குப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தினேன். சிவகாமி கொடுத்தனுப்பிய பாயசத் தூக்கை சீட்டில் வைத்தேன்.

நிமாய்-தா எஞ்சின் மூக்கில் தட்டினார். "என்ன, இன்னும் உறுமிக்கிட்டு இருக்கு? இன்னிக்கு இதுக்கும் லீவுதானே?"

"பேட்டரி இல்ல தாதா. நிறுத்தினா நாளைக்குக் கிளம்பாது. என் பேருல ஃபெய்லியர் ஏறும்."

"மேல இருக்கற மெஷினெல்லாம் மாலை போட்டுத் தூங்குது. உன் பிள்ளைக்கு மட்டும் வேலையா? பாவம்யா."

"அது தூங்கினா எழுந்திருக்காது. நீங்க தூங்கினா மாதிரி."

சிரித்துக்கொண்டே போனார். அந்தப் பேச்சை நான் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மேலே இருக்கிற மெஷினெல்லாம் தூங்குகிறது என்றார் அல்லவா? அதில் ஊதுகாற்று மெஷினும் உண்டு. அதற்கும் மாலை போட்டு நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஒவ்வொருவர் காதிலும் அவர் சொன்னது விழுந்தது. ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. சுவாசத்துக்குக் காற்று தருகிற மெஷினுக்கு லீவு கொடுத்துவிட்டு, புகை கக்குகிற மெஷினை ஓடவிட்டோம். நான்தான் ஓடவிட்டேன்.

பதினொரு மணி சுமாருக்குப் பூஜை தொடங்கியதும் மழை பிடித்தது. கிரேன் இறங்கும் பெரிய துளை வழியாகத் தண்ணீர் கொட்டி, மேடைப் பக்கம் வந்தது. சிலை கரைந்துவிடுமே என்று பத்துப் பேர் ஓடிப்போய்த் துளையைத் தகரமும் தார்ப்பாயும் போட்டு மூடினார்கள். மாடிப்படி வாசலிலும் தகரத்தைச் சாய்த்தார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். என் கையால்தான் பிடித்தேன்.

பிறகு தூனோ போட்டார்கள். அது அவர்கள் ஊர்ச் சாம்பிராணி. மண்சட்டியில் தேங்காய் நார் நெருப்பு, அதன் மேல் குங்கிலியம். ஆறு சட்டி. டாக் என்கிற பெரிய மேளம் முழங்க, புகை மண்டியது. கண் எரிந்தது. பக்கத்தில் இருந்தவன் தலை வலிக்கிறது என்றான். "விரதம்பா, புஷ்பாஞ்சலி முடிஞ்சதும் கிச்சடி தின்னா சரியாயிடும்" என்றார்கள். எனக்கும் தலை கனத்தது. பக்தியில் உடம்பு சிலிர்க்கிறது என்றுதான் நினைத்தேன். கையைக் கூப்பிக்கொண்டு, 'முருகா, என் எஞ்சினை நல்லா வை' என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதையும் வேண்டத் தோன்றவில்லை.

பூஜை ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. பிரசாதம் கொடுக்கும்போது ஒருவன் வாந்தி எடுத்தான். இன்னொருவன் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். அப்போதும் புகை தாங்கவில்லை என்றார்களே தவிர யாரும் பயப்படவில்லை. பாயசத்தை எடுத்துக்கொண்டு நிமாய்-தாவைத் தேடினேன். முதல் கரண்டி அவருக்கு என்று பேச்சு.

பிளாட்பாரத்துக் கடைசியில் கதவு வைக்காத ஒரு அறை. டிக்கெட் ஆபீஸோ என்னவோ வரப்போகிற இடம். சட்டிகளுக்குத் தேங்காய் நார் உரித்துக் கொடுத்துவிட்டு, அந்த அறையில்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் எஞ்சினின் புகைபோக்கி அந்த வாசலைப் பார்த்தபடி நின்றது. காலையிலிருந்து எஞ்சின் நின்றபடி ஓடிக்கொண்டிருந்த இடம் அது.

"தாதா, பாயசம்" என்றேன். தூங்குகிறார் என்று தோளை உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. முகம் செக்கச்செவேல் என்று நல்ல நிறமாக இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் போயிற்று. செத்தவன் வெளுப்பான் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்; விஷப்புகை ரத்தத்தில் ஏறினால் இப்படிச் சிவக்கும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். தூக்கு கையிலிருந்து விழுந்தது.

ஓடிப்போய் எஞ்சினில் ஏறிக் கைப்பிடியை இழுத்தேன். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிடுவதெல்லாம் எங்கே நினைவிருக்கும்? எஞ்சின் குலுங்கி நின்றது.

நின்ற பிறகுதான் எனக்குக் கேட்டது. ஸ்டேஷன் முழுக்க இருமல். மேடைப் பக்கத்திலிருந்து, படிக்கட்டுப் பக்கத்திலிருந்து, இருட்டு மூலைகளிலிருந்து, நாற்பது ஐம்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். என் எஞ்சின் சத்தத்தில் அதுவரை ஒருவர் இருமலும் மற்றவர் காதில் விழவில்லை. மாலை போட்ட எஞ்சின் மேல் நின்றுகொண்டு அந்த இருமலைக் கேட்டேனே, அதுதான் என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் பெரிய சத்தம்.

"மேலே போங்க! எல்லாரும் மேலே!" என்று கத்தினேன். என்ன மொழியில் கத்தினேன் என்று தெரியாது. தமிழாகத்தான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் எழுந்தார்கள். தகரத்தை உதைத்துத் தள்ளினோம். நிமாய்-தாவை நானும் இன்னொருவரும் தோளில் போட்டுக்கொண்டு படியேறினோம். என் கால் மடங்கி இரண்டு தடவை விழுந்தோம்.

மேலே மழை விட்டு வெயில் அடித்தது. ஆட்கள் நடைபாதையில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். வாந்தி எடுத்தார்கள். வானம் நிறையப் பட்டம். யாருடைய பட்டமோ அறுந்தது போலிருக்கிறது, மாடிகளிலிருந்து 'போ-காட்டா' என்று சந்தோஷமாகக் கூச்சல். நிமாய்-தாவின் கண் பாதி திறந்து அந்தப் பட்டங்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பார்வை இல்லை. ஜல்லி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மற்றவர்கள் எல்லோரும் சாயங்காலத்துக்குள் தேறிவிட்டார்கள். நிமாய்-தா தேறவில்லை. பிழைப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை. அவர் மனைவி என்னிடம், "ஷண்முக்-தா, நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அதுவே எனக்குத் தைரியம்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சுவாமி அறையில் உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. பார்க்க முடியவில்லை. அதை எடுத்து வெளியே வைக்கச் சிவகாமியிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் விசாரணை. தகரக் கொட்டகை ஆபீஸில் ஹால்தார் பாபு, பெரிய ஆபீஸர் ஒருவர், வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர். கான்ட்ராக்டரின் ஆள் ஏற்கனவே காகிதம் தயாராக வைத்திருந்தார். மூடிய இடத்தில் தொழிலாளர்கள் அனுமதி இல்லாமல் நெருப்பு மூட்டிப் பூஜை செய்ததால் வந்த புகை என்று அதில் இருந்தது. நெருப்பு மூட்டியதும் நார் கொடுத்ததும் நிமாய் என்றும் எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடப்பா. உனக்கு ஒண்ணும் வராது. எஞ்சின் பத்தியே இதுல இல்ல" என்றார் கான்ட்ராக்டரின் ஆள்.

எனக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. இதில் கையெழுத்துப் போட்டால் நிமாய்-தா தன்னைத் தானே கெடுத்துக்கொண்டவர் ஆகிவிடுவார். ஆஸ்பத்திரிச் செலவு இல்லை, நஷ்ட ஈடு இல்லை, எழுந்து வந்தாலும் வேலை இல்லை. போடாவிட்டால் என் வேலை போகும். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். உண்மையைச் சொல்கிறேன், பேனாவைக் கையில் எடுத்தேன். அப்புறம் சாமிக்குப் போட்ட புகை மேல் என் எஞ்சின் புகையின் பழியைச் சாத்துகிறேனே என்று பேனாவைக் கீழே வைத்தேன். தினமும் பட்டை போடுகிற நெற்றி இது. மறுநாள் எந்த முகத்தோடு போடுவேன்?

"சார், எஞ்சின் ஓடிச்சு" என்றேன்.

ஹால்தார் பாபு கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"எத்தனை மணியிலிருந்து பிளாட்பாரத்தில் நின்று ஓடியது?"

"ஒன்பதே முக்கால்."

"எப்போது நிறுத்தினீர்கள்?"

"பன்னிரண்டரை இருக்கும். அவரைப் பார்த்த அப்புறம்."

"நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னார்களா?"

"நிமாய்-தா சொன்னார். நான் கேக்கல."

"எழுதுங்கள்" என்று வெள்ளைத்தாள் ஒன்றைத் தள்ளினார். வங்காளமும் இங்கிலீஷும் எனக்கு எழுத வராது. தமிழில் எழுதினேன். நான் வங்காளத்தில் சொல்லச் சொல்ல அவரே அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுதினார். பேட்டரி இல்லாததால் நிறுத்தக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். இன்னும் ஒரு வரி எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

"என்ன சார் எழுதினீங்க?"

"என் உத்தரவின்படி என்று எழுதினேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அது நடந்ததுதானே."

என்னை ஆறு மாதம் எஞ்சினைத் தொடவிடவில்லை. ஹால்தார் பாபுவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஒரு வார்த்தை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. பேட்டரி மட்டும் மறுவாரமே வந்தது. பாதாளத்தில் வண்டி நின்றால் எஞ்சினை நிறுத்தியே தீரவேண்டும், ஆட்கள் உள்ளே இருக்கும்வரை ஊதுகாற்று மெஷின் எந்தப் பண்டிகைக்கும் நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டுப் படிக்கட்டில் ஒட்டினார்கள்.

நிமாய்-தா ஆறாம் நாள் கண் திறந்தார். பழைய ஆளாக வரவில்லை. கை நடுங்கியது. பெயர்கள் மறந்துபோயின. கொடி வேலை முடியாமல் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் நினைவில் சுத்தமாக இல்லை. யாரோ அவரிடம் தூனோ புகை என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதையே நம்பிக்கொண்டு எல்லோரிடமும் தன்னையே கேலி செய்துகொண்டிருந்தார். விசாரணையில் சொன்ன என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வருஷமாக முடியவில்லை.

அடுத்த விஸ்வகர்மா பூஜை வந்தது. மேலே, தெருவில், பந்தல் போட்டு வைத்தார்கள். நான் கீழே எஞ்சினுக்குப் பட்டை போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். ஊதுகாற்று மெஷின் மாலையோடு இரைந்துகொண்டிருந்தது. நிமாய்-தா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். எஞ்சின் மூக்கில் உள்ளங்கையை வைத்தார். கை நடுங்கியது.

"ஜில்லுனு இருக்கே. லீவா?"

"லீவு, தாதா."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தூனோ இல்லை, என் எஞ்சின். நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். நான் கிண்டல் பேசி அனுப்பிவிட்டேன். அவர் கால் பக்கம் குனியப் போனேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். யோசித்து நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று தெரிந்தது. வரவில்லை.

"நானா சொன்னேன்? நிறுத்தச் சொல்லி?"

"ஆமா தாதா. இன்னிக்கு இதுக்கும் லீவுதானேன்னு சொன்னீங்க."

"என் வீட்டுக்காரிகிட்ட வந்து இத ஒரு தடவை சொல்லு" என்றார். "ஒரு வருஷமா, புகை போடத் தெரியாத முட்டாள்னு திட்டிக்கிட்டு இருக்கா."

அன்றே போனேன். சாந்த்ராகாச்சி வீட்டிலிருந்து சிவகாமியையும் கூட்டிக்கொண்டு, பாயசத் தூக்கோடு. அவர் மனைவி எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார். அழுதார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய் மூன்று கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். நிமாய்-தாவின் கிண்ணத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, கரண்டியால் அவருக்கு ஊட்டினார். கை நடுக்கத்தில் அவரால் பாயசம் குடிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.